திறக்க மறுக்கும் டிரே

உட்காருங்கள், டீ வந்துகொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு வேண்டுகோள்: கையில் இருக்கும் ஸ்குரூ டிரைவரைக் கொஞ்சம் கீழே வைத்துவிடுங்கள். டிவிடி டிரைவின் டிரே திறக்கவில்லை என்று வருகிறவர்களில் பலர், இடுக்கில் எதையாவது விட்டு நெம்பிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். முகப்பில் கீறல் இருக்கும். உள்ளே பல்சக்கரத்தில் ஒரு பல் போயிருக்கும். நெம்பாமல் விட்டிருந்தால் அந்த டிரைவ் இன்னும் பல காலம் ஓடியிருக்கும். டிரே வெளியே வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு சின்ன ரப்பர் வளையம்தான். பொறுமை இருந்தால் யாரும் சரிசெய்துவிடலாம்.

புது டிரைவ் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். வாங்கலாம். ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் வட்டை எந்தக் கடையில் வாங்குவது? இந்தக் காலத்தில் டிவிடி டிரைவைத் தேடிப் போகிறவர் யாரும் பொழுதுபோக்குக்காகப் போவதில்லை. ஸ்டூடியோக்காரர் பதிவுசெய்து கொடுத்த கல்யாண டிவிடியாக இருக்கும். ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டோடு கொடுத்த சிடியாக இருக்கும். இப்போது உயிரோடு இல்லாத ஒருவர் பேசிய வீடியோவாக இருக்கும். வேறு பிரதி கிடையாது. அதனால் நான் எப்போதும் டிரைவை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதல் கவலை வட்டுக்குத்தான்.

பட்டனை ஒரே ஒரு முறை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். காதை மட்டும் கொடுங்கள். உள்ளே என்ன கோளாறு என்பதை முக்கால்வாசி சத்தமே சொல்லிவிடும். வட்டு சுற்றிக்கொண்டிருந்தால் டிரைவ் முதலில் அதை நிறுத்த வேண்டும். வேகமான சிடி டிரைவ்களில் வட்டு நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேலேயே போகும். அது நின்று அடங்கச் சில நொடிகள் ஆகும். கீறல் விழுந்த வட்டாக இருந்தால், படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்துக்கொண்டு, டிரைவ் பட்டனைக் கவனிக்காமல்கூட இருக்கும். அந்த நேரத்தில் பத்து முறை அழுத்தினால் திற, மூடு, திற என்று உத்தரவு குவிவதுதான் மிச்சம்.

சத்தமே இல்லையென்றால் உடனே டிரைவைச் சந்தேகப்பட வேண்டாம். திறக்காதே என்று கணினியே டிரைவுக்குக் கட்டளை போட முடியும். வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ பட்டனை அழுத்தி வேலையைக் கெடுத்துவிடக் கூடாது என்று வைத்த நல்ல ஏற்பாடு அது. லினக்ஸில் வட்டு மவுன்ட் ஆகியிருந்தாலே பட்டன் செல்லுபடியாகாமல் போகலாம். விண்டோஸில் டிரைவின் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ‘இஜெக்ட்’ கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையா, கணினியை அணைத்துத் திரும்பப் போடுங்கள். திரையில் கம்பெனி பெயர் வருகிறதே, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால், அந்த நேரத்தில் பட்டனை அழுத்துங்கள். அப்போது பூட்டுப் போட எந்த மென்பொருளும் விழித்திருக்காது. டிரே வந்துவிட்டால் கோளாறு டிரைவில் இல்லை.

அப்போதும் அசையவில்லை என்றால் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மேசைக் கணினி டிரைவின் டிரே திறந்து மூட டேட்டா கேபிள் தேவையில்லை, பவர் கேபிள் ஒன்றே போதும். கணினியை அணைத்து, சிபியு பெட்டியைத் திறந்து, டேட்டா கேபிளை மட்டும் உருவிவிட்டு, மறுபடி மின்சாரம் கொடுத்துப் பட்டனை அழுத்திப் பாருங்கள். இப்போது திறந்தால் தடுத்தது கணினி. திறக்காவிட்டால் பவர் கேபிளை வேறு முனையில் மாற்றிச் செருகிப் பாருங்கள். பழைய நான்கு கம்பிச் செருகியில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. மஞ்சளில் மட்டும் மின்சாரம் அறுந்துபோனால் முகப்பு விளக்கு எரிந்தும் மோட்டார் அசையாமல் இருக்கக்கூடும். செருகியைக் கொஞ்சம் அழுத்தி உட்காரவைத்ததிலேயே சரியாகிப்போன டிரைவ்கள் உண்டு.

இனி வட்டை மீட்கும் வழிக்கு வருவோம். முகப்பில், பட்டனுக்குப் பக்கத்தில், ஒரு பொட்டுத் துளை தெரியும். பழைய டிரைவ்களில் ஹெட்போன் செருகும் ஓட்டையும் இருக்கும். அது பெரிது, அதை விட்டுவிடுங்கள். இந்தச் சின்னத் துளை அவசரத்துக்கென்றே வைத்தது. ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து ஒரு பக்கத்தை நேராக நிமிர்த்துங்கள். குண்டூசி நீளம் போதாது, மெல்லிய கம்பி உள்ளே வளைந்துவிடும். கணினியை அணைத்தால் மட்டும் போதாது, சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். சுற்றுகிற வட்டை நடுவழியில் இறக்கிவிடக் கூடாது. பிறகு கிளிப்பைச் சாய்க்காமல் நேராக உள்ளே விடுங்கள். ஓரிடத்தில் மெத்தென்று ஒரு தடை கையில் தட்டும். அதையும் தாண்டி நிதானமாக அழுத்தினால் டிரே விரல் நுனி பிடிக்கிற அளவுக்கு முன்னால் வரும். மிச்சத்தைக் கையால் இழுத்துக்கொள்ளலாம். கல்லில் முட்டியது போல் இருந்தால் கிளிப் சரியான இடத்தில் படவில்லை. வெளியே எடுத்து மறுபடி விடுங்கள்.

வட்டு கைக்கு வந்ததும் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். டிரைவைப் பழுது பார்க்க உட்காருவதற்கு முன், அந்த வட்டை வேறொரு கணினியிலோ யுஎஸ்பி வெளி டிரைவிலோ போட்டு, அதில் உள்ளதை ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள். டிரே காத்திருக்கும். அதற்கு முன் வட்டை வெளிச்சத்தில் பிடித்து, நடுத் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் விட்ட வட்டை அவ்வளவு வேகத்தில் சுற்றவிட்டால் உள்ளேயே தெறித்து நொறுங்கிவிடக்கூடும். ஸ்டூடியோக்காரர்கள் மணமக்கள் படம் அச்சடித்து ஒட்டிய காகித லேபிளையும் தடவிப் பாருங்கள். நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் அது ஓரத்தில் கிளம்பிவிடும். டிரே சிக்கியதற்குக் காரணமே அந்தக் கிளம்பிய லேபிளாக இருக்கலாம்.

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

டிரே வெளியே வருவது ஒரே அசைவு மாதிரி தெரிகிறது. உண்மையில் அது இரண்டு வேலை. வட்டு சுற்றும்போது டிரேயில் பட்டுக்கொண்டு சுற்ற முடியாது அல்லவா? அதனால் டிரே உள்ளே போனதும், அடியிலிருந்து ஒரு சட்டம் மேலே எழும்பும். வட்டைச் சுற்றும் மோட்டாரும் லேசர் கண்ணும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கின்றன. அது வட்டை டிரேயிலிருந்து சற்றே தூக்கிக்கொள்ளும். மேலிருந்து வட்டமான வில்லை ஒன்று வட்டின் நடுவில் வந்து உட்காரும். அடியில் மோட்டாரின் தலை, மேலே வில்லை, நடுவில் வட்டு. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது ஒரு காந்தம். திறக்கும்போது இது எல்லாம் தலைகீழாக நடக்க வேண்டும். முதலில் சட்டம் கீழே இறங்க வேண்டும், காந்தம் பிரிய வேண்டும், பிறகுதான் டிரே நகர முடியும். டிரேயைத் தள்ளுவதும் சட்டத்தை ஏற்றி இறக்குவதும் ஒரே ஒரு குட்டி மோட்டார். அந்த மோட்டாரின் பலம் பல்சக்கரங்களுக்குப் போய்ச் சேருவது ரப்பர் பெல்ட் வழியாக.

தையல் மெஷினில் வார் தளர்ந்துபோனால் எப்படி மிதிக்க மிதிக்கச் சக்கரம் மட்டும் சுற்றி, துணி அடர்த்தியாக இருக்கும் இடத்தில் ஊசி இறங்காமல் நின்றுவிடுமோ, இங்கேயும் அப்படித்தான். பெல்ட் நாளாக ஆக விரியும், மேல்பரப்பு பளபளவென்று வழுக்கும். டிரேயைத் தள்ளுகிற லேசான வேலைக்கு அது போதும். காந்தத்தைப் பிரிக்கிற அந்த ஒரு கணத்துக்குப் போதாது. பட்டனை அழுத்தியதும் உள்ளே ‘விர்ர்’ என்று மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்டு, டிரே வராமல், சத்தமும் நின்றுவிட்டால், இதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். மோட்டார் ஓடுகிறது, பெல்ட் வழுக்குகிறது.

இதில் இன்னொரு வினோதம் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னதைக் கேளுங்கள். “தம்பி, உள்ளே சிடி இருந்தா டிரே ஒழுங்கா வருது. சிடியை எடுத்துட்டு மூடினா அப்புறம் வரவே மாட்டேங்குது. காலியாத்தானே இருக்கு, இன்னும் சுலபமா வரணும்?” நாற்பது ஆண்டு பாடம் நடத்தியவருக்கே உரிய கேள்வி. “வட்டோட கனம் எவ்வளவு சார்?” என்று கேட்டேன். எடை சொல்ல ஆரம்பித்தார். “எடை இல்லை சார், தடிமன்” என்றேன். 1.2 மில்லிமீட்டர். வட்டு இருக்கும்போது காந்தத்துக்கும் அது பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் அந்த 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருக்கிறது. காலியாக மூடினால் நடுவில் ஒன்றும் இல்லை, இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. காந்தத்தின் பிடி நெருங்க நெருங்க மளமளவென்று ஏறுமே, அந்தக் கூடுதல் பிடியைத்தான் தளர்ந்த பெல்ட்டால் பிரிக்க முடியவில்லை. அவர் முகத்தில் வந்த மலர்ச்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் டிரைவிலும் காலியாக இருக்கும்போது மட்டும் சிக்கினால், வேறெதையும் தேட வேண்டாம், பெல்ட்டைப் பாருங்கள். புது பெல்ட் கிடைக்கும்வரை, போனால் போகட்டும் என்கிற சிடி ஒன்றை உள்ளேயே போட்டு வைத்திருங்கள்.

பெல்ட்டைப் பார்ப்பதற்கு டிரைவைப் பிரிக்க வேண்டும். கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றி டிரைவை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருபோதும் மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். சிடி படிக்கும் லேசர் 780 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியாததால் கண் தானாக மூடிக்கொள்ளாது, அதுதான் ஆபத்து. டிவிடியின் 650 நானோமீட்டர் லேசர் சிவப்பாகத் தெரியும். அதையும் நேராகப் பார்க்கக் கூடாது.

ஜெம் கிளிப்பால் டிரேயை வெளியே கொண்டுவந்து, டிரேயின் நெற்றிப் பட்டையை மேல்நோக்கித் தள்ளினால் பெரும்பாலும் கழன்றுவிடும். பிறகு இரண்டு பக்கமும் அடியிலும் உள்ள கொக்கிகளை மெல்ல அழுத்தினால் முகப்பு வரும். டிரைவைக் கவிழ்த்து நான்கு திருகைக் கழற்றினால் அடித்தகடு வந்துவிடும். கிளிப்பால் டிரே வராத டிரைவாக இருந்தால் முதலில் இந்த அடித்தகட்டைக் கழற்றிப் பல்சக்கரத்தை விரலால் சுற்றி டிரேயை விடுவிக்கலாம். எந்தத் திருகு எங்கே இருந்தது என்று ஒரு செல்போன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரேயை நன்றாக இழுத்தால் முன்பக்க மூலையில் இரண்டு புல்லிகள் தெரியும். ஒன்று மோட்டார் தண்டில் இருக்கும் சின்னது, மற்றது பல்சக்கரத்தோடு சேர்ந்த பெரியது. இரண்டையும் சுற்றி ஒரு கறுப்பு வளையம். இவ்வளவுதானா என்று நினைப்பீர்கள். இவ்வளவுதான். டிவீசரால் அதை எடுத்து விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். நல்ல பெல்ட் மங்கலாக, பிடிப்பாக இருக்கும். கெட்டது மினுமினுக்கும், அல்லது புல்லியில் இருந்த வடிவத்திலேயே விறைத்து நிற்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்த டிரைவில் இந்த விறைப்பு அதிகம். சிலது ரப்பர் இளகி மை போல் கையில் ஒட்டும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புல்லியின் பள்ளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காதுப் பஞ்சால் நன்றாகத் துடைக்க வேண்டும்.

இன்றைக்கே திறந்தாக வேண்டும், கடைக்குப் போக நேரமில்லை என்றால் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கொதித்து இறக்கிய வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடைத்து மாட்டுங்கள். ரப்பர் கொஞ்சம் சுருங்கும், பிடிப்பு திரும்பும். இது நிரந்தரம் இல்லை. மறுபடி தளரும். நகலெடுத்து முடிக்கும் அளவுக்கு ஓடினால் அது செய்த உபகாரம் பெரிது. மேசையில் கிடக்கும் ரப்பர் பேண்டை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நீண்டு கொடுத்துவிடும், சீக்கிரம் காய்ந்து அறுந்து பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். வேண்டாம்.

புது பெல்ட்டுக்கு அளவு எடுப்பது எளிது. பழைய பெல்ட்டை இரட்டையாக மடித்துத் தட்டையாக நீட்டி ஸ்கேலில் அளந்து பாருங்கள். 40 மில்லிமீட்டர் வந்தால் சுற்றளவு 80. பழையது விரிந்துபோனது என்பதால், புதியது நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவாக, 76 மில்லிமீட்டர் சுற்றளவில் இருக்கட்டும். விட்டமாகச் சொன்னால் 24 மில்லிமீட்டர். சதுர வெட்டுள்ளதா, தட்டையா என்று பார்த்து அதே வகையைக் கேளுங்கள். டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கிறவர்களிடம் இந்த மாதிரி வளையங்கள் டப்பா டப்பாவாக இருக்கும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் தேடிப் பாருங்கள். பழையதைக் கையில் கொண்டுபோவது நல்லது. இறுக்கமாக இருந்தால் நல்லது என்று ரொம்பச் சின்னதாக வாங்கிவிடாதீர்கள், மோட்டார் தண்டு ஒரு பக்கமாக இழுபட்டுத் திணறும்.

டிரே ஓடும் தடத்தில் பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து பிசினாகியிருந்தால் அதைத் துடைத்துவிட்டு, சிலிகான் கிரீஸைத் தீக்குச்சி முனையளவு எடுத்துத் தடவலாம். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் உள்ளே போகக் கூடாது. பெல்ட்டில் ஒரு சொட்டு பட்டால் நீங்கள் செய்த வேலையெல்லாம் வீண்.

டிரே வெளியே வந்த கையோடு தானாகவே உள்ளே ஓடிவிடுகிறதா? அது வேறு கதை. டிரே முழுதாக வந்துவிட்டது என்று சொல்ல ஒரு குட்டி லிமிட் ஸ்விட்ச் உண்டு, முழுதாக மூடிவிட்டது என்று சொல்ல இன்னொன்று. வெளி ஸ்விட்ச்சில் தூசி படிந்து தகவல் வராவிட்டால், ஏதோ தடுக்கிறது என்று டிரைவ் நினைத்து, கையை நசுக்கிவிடாமல் பத்திரமாக டிரேயைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். உள் ஸ்விட்ச் கெட்டால் மூடின டிரே மறுபடி திறக்கும். கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, ஸ்விட்ச்சின் நெம்பியைச் சில தடவை அமுக்கிவிட்டால் போதும். ஆனால் இதற்கும் தளர்ந்த பெல்ட் காரணமாக இருக்கலாம். கடைசி அரை சென்டிமீட்டரில் வழுக்கினால் ஸ்விட்ச்சை டிரே தொடாது. அதனால் பெல்ட்டை முதலில் பாருங்கள்.

டிரைவ் நல்லபடியாக இருந்தும் பெட்டி கெடுப்பதுண்டு. டிரைவைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பொருத்திவிட்டால் பெட்டியின் முகப்பு பட்டனை எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் நீளமான திருகு போட்டிருந்தால் அதன் முனை உள்ளே நீட்டி டிரேயை உரசும். புதிதாகப் பொருத்திய டிரைவ் வேலை செய்யவில்லை என்றால் ஒரு பக்கத் திருகுகளைத் தளர்த்திப் பாருங்கள்.

லேப்டாப் டிரைவுக்கு இந்தப் பெல்ட் கதையெல்லாம் பொருந்தாது. அதில் டிரேயைத் தள்ளும் மோட்டாரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. பட்டனை அழுத்தினால் ஒரு மின்காந்தம் கொக்கியை விடுவிக்கும், ஸ்பிரிங் டிரேயை விரலளவு வெளியே தள்ளும், மிச்சம் உங்கள் கை. ‘டிக்’ என்று சத்தம் கேட்டும் வரவில்லையென்றால் முகப்பு எங்கோ உரசுகிறது. நகத்தால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். கணினி போட்ட பூட்டும் இல்லாமல் சத்தமே இல்லையென்றால் மின்சாரமோ பட்டனோ வேலை செய்யவில்லை, ஜெம் கிளிப் துளைதான் வழி. இதில் மோட்டாரும் லேசர் கண்ணும் டிரேயிலேயே ஏறி வருவதால் ஒரு தட்டையான கேபிள் கூடவே நீண்டு சுருங்கும். வெடுக்கென்று இழுத்தால் அது கிழியும், பிறகு மாற்றுவது கஷ்டம். வட்டை வைக்கும்போது நடுக் குமிழில் ‘க்ளிக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள், டிரேயை அடியில் ஒரு கையால் தாங்கிக்கொண்டு. உட்காராத வட்டு உள்ளே மேல்தகட்டில் உரசி மாட்டிக்கொள்ளும்.

டிரேயே இல்லாமல் வட்டை நேராக விழுங்கும் பழைய ஐமேக் மாதிரிகளில், கணினியைப் போடும்போதே மவுஸ் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் வட்டு வெளியே வரும்.

எல்லாம் மாட்டியாயிற்று, அடித்தகட்டையும் முகப்பையும் போட்டாயிற்று என்றால், கேபிளைச் செருகி முதலில் காலி டிரேயை ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள். காந்தம் அதிகம் ஒட்டுவது அப்போதுதான், அதில் தயங்காவிட்டால் பெல்ட் பிடித்துக்கொண்டது. அடுத்து ஒரு வேண்டாத சிடியைப் போட்டு, அது சுற்றி நின்று வெளியே வரும்வரை காத்திருங்கள். அதன் பளபளப்பான பக்கத்தில் புதிதாக வட்டக் கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விழவில்லையா? சரி, இப்போது கல்யாண டிவிடியைக் கொடுங்கள்.